மட்டக்களப்பிலிருந்து கல் பார்க்கப் போகிறவர்களுக்கு: மகாஓயாவா, யாழ்ப்பாணமா, புத்தளமா?

குடும்பிமலையில் உயிர்ச்சுவடு (கல்லில் பதிந்து நிற்கும் பழைய உயிரின் அடையாளம்) கிடைக்குமா, தாந்தாமலைக் கல்லை உடைத்தால் உள்ளே சங்கு ஏதும் இருக்குமா என்று வருடத்தில் நாலைந்து பேராவது என்னிடம் கேட்கிறார்கள். கேட்பவர்கள் பெரும்பாலும் உயர்தரத்தில் புவியியல் படிக்கிற பிள்ளைகள், இல்லாவிட்டால் அவர்களைப் பெற்றவர்கள். கிடைக்காது என்பதுதான் பதில். ஆனால் அந்த ஒரு சொல்லோடு விட்டால் பிள்ளையின் ஆசை அங்கேயே அடங்கிப் போகும். எங்கே போனால் எது கிடைக்கும், அதற்கு எவ்வளவு அலைய வேண்டும், எது நம் வீட்டுப் பிள்ளைகளுக்குத் தோது என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் பதில் நிறைவாகும்.

நான் பல்கலைக்கழகத்தில் புவிச்சரிதவியல் படித்தவன் அல்ல. ஆரையம்பதிக்காரன், கட்டட வேலைகளில் தொழினுட்ப உத்தியோகத்தன். டிப்பரில் வந்து இறங்குகிற முக்கால் அங்குல மெற்றலை, அதாவது உடைத்த கல்லை, சோதித்துச் சோதித்துக் கல்லின் மேல் பிடித்த பைத்தியம் இது. அக்காவின் பிள்ளைகள் இரண்டு பேர், அக்கரைப்பற்றிலிருந்து வான் வைத்திருக்கும் காக்கா (முஸ்லிம்கள் அண்ணனை அழைக்கும் சொல்) ஒருவர், வேலைத்தளத்து நண்பர்கள் சிலர் என்று எட்டொன்பது பேராகப் போய்வருகிறோம். போன இடங்களையும், போக முயன்று முடியாமல் போன இடங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எழுதுகிறேன்.

எங்கள் கருங்கல்லில் ஏன் சங்கு இல்லை

எழுவான்கரையில் பிறந்தவனுக்குப் பாறையே ஒரு புதினம். ஆரையம்பதி, காத்தான்குடி, களுவாஞ்சிகுடி எல்லாம் கடலுக்கும் வாவிக்கும் நடுவே மணல் திட்டில் இருக்கிற ஊர்கள். பாறையைத் தொட வேண்டுமென்றால் வாவியைத் தாண்டிப் படுவான்கரைக்குப் போக வேண்டும். அங்கே வயலுக்கு நடுவில் யானை படுத்துக் கிடப்பதுபோலக் கிடக்கிறதே, அதைத்தான் நாங்கள் கருங்கல் என்கிறோம். எங்கள் தொழிலில் எல்லாமே கருங்கல்தான். புவிச்சரிதவியலில் அதன் பேர் நைஸ்.

மட்டக்களப்பும் அம்பாறையும் பெரும்பாலும் இருப்பது விஜயன் தொகுதி என்ற பாறைக் கூட்டத்தின் மேல். அதன் மூலப்பாறைகள் சுமார் 100 கோடி ஆண்டுகளுக்கு முன் குழம்பாயிருந்து இறுகியவை. பிறகு ஏறத்தாழ 60 முதல் 55 கோடி ஆண்டுகளுக்கு முன், நிலத்துண்டுகள் ஒன்றோடொன்று மோதிக் கொண்டுவனா என்ற பெருங்கண்டம் கூடியபோது, அந்தப் பாறைகள் பல கிலோமீற்றர் ஆழத்துக்கு அமுங்கி, பல நூறு பாகை சூட்டில் வெந்து, ரொட்டிக்கு மாப் பிசைவதுபோல் பிசையப்பட்டன. இன்று அந்தாட்டிக்காவின் ஒரு துண்டும் மடகஸ்காரும் தென்னிந்தியாவும் இலங்கையும் ஒன்றுக்கொன்று பொருந்துகிற பாறைகளைக் காட்டுவது அதனால்தான்.

ஓடும் எலும்பும் உள்ள உயிர்கள் கடலில் பெருகத் தொடங்கியதோ சுமார் 54 கோடி ஆண்டுகளுக்கு முன்புதான். எங்கள் கருங்கல் உருவானபோது உலகத்தில் சங்கும் இல்லை, நண்டும் இல்லை. ஏதாவது இருந்திருந்தாலும் அந்தச் சூட்டில் அடையாளம் தங்கியிராது. இதை முதன்முதலில் விளங்கிக்கொண்ட நாள் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. கையில் வைத்திருந்த மெற்றல் துண்டு, இலங்கையில் கிடைக்கிற எந்த உயிர்ச்சுவட்டையும் விடப் பழையது என்று தெரிந்தபோது அதைக் கீழே போட மனம் வரவில்லை.

இலங்கை நிலத்தில் பத்தில் ஒன்பது பங்கு இப்படி உருமாறிய பழம்பாறைதான். மிச்சமுள்ள சிறு பங்கு, பெரும்பாலும் வடக்கிலும் வடமேற்கிலும், அடையற்பாறை, அதாவது மணலும் சேறும் சுண்ணாம்பும் படிந்து இறுகிய பாறை. உயிர்ச்சுவடு தேடுகிறவர் அந்தச் சிறு பங்கைத் தேடித்தான் போக வேண்டும்.

மகாஓயா: காலையில் போய் மாலையில் திரும்பலாம்

செங்கலடியில் திரும்பி, கறுத்தப் பாலம் தாண்டி, கரடியனாறு, பெரியபுல்லுமலை வழியாக மகாஓயாவுக்கு ஏறத்தாழ 60 கிலோமீற்றர். பதுளை வீதிதான். அம்பாறைப் பக்கத்தார் உகணை வழியாக வரலாம். விடியப் புறப்பட்டால் பத்து மணிக்குள் பார்க்க வேண்டியதில் பாதி முடிந்துவிடும்.

இந்தப் பயணத்தில் உயிர்ச்சுவடு ஒன்றும் இல்லை. இருந்தாலும் முதற்பயணமாக இதைத்தான் சொல்வேன். வீதியோரத்தில் வெட்டப்பட்ட பாறைமுகங்களும் வயற்பக்கத்து மொட்டைப் பாறைகளும் வழிநெடுக வருகின்றன. ஒரு புது வெட்டுமுகத்தைத் தேர்ந்து, கைவில்லையைக் கண்ணுக்கு ஒட்டிப் பிடித்துக்கொண்டு, கல்லை அதன் அருகே கொண்டுவந்து பாருங்கள். தூரத்தில் சாம்பல் நிறமாகத் தெரிந்தது கிட்டத்தில் வரிவரியாகப் பிரியும். வெள்ளை வரியில் கண்ணாடிச் சில்லுப்போல மங்கலாக இருப்பது குவாட்ஸ். அதன் பக்கத்தில், வெயிலில் திருப்பும்போது ஒரு பக்கம் மட்டும் பளீரென்று மின்னிவிட்டு அணைவது பெல்ஸ்பார், சில இடத்தில் இளஞ்சிவப்பாகவும் இருக்கும். கறுப்பு வரியில் நகத்தால் கெல்லினால் தாள்தாளாக உரிவது கரும் மைக்கா. உரியாமல் கறுத்துத் தடித்திருப்பது பெரும்பாலும் ஹோர்ன்பிளென்ட். ஒரு ஆணியால் கீறிப் பார்த்தால் மைக்கா உடனே விட்டுக்கொடுக்கும். குவாட்ஸில் கீறினால் ஆணியின் இரும்புதான் கோடாகப் படியும்.

வரிகள் நேராக ஓடிக்கொண்டு வந்து திடீரென்று கொண்டை ஊசிபோல மடிந்து திரும்புகிற இடத்தை ஒரு தரமாவது பார்க்க வேண்டும். மருமகள் அதன் மேல் விரலை வைத்து மடிப்பின் ஒரு முனையிலிருந்து மறு முனைவரை மெதுவாக இழுத்துக்கொண்டு போனாள். "மாமா, இது கல்லா இருக்கக்குள்ளயா வளைஞ்சது?" என்று கேட்டாள். ஓம், கல்லாக இருக்கும்போதேதான், முழுக்க உருகாமலே வளைந்தது. இந்தக் கேள்வி எழுந்த பிறகு பாடப்புத்தகத்தில் உருமாறிய பாறை என்ற சொல் அவளுக்கு வேறு சொல்லாகிவிட்டது.

வெந்நீர்க் கிணறுகள் மகாஓயா ஊரிலிருந்து சற்று உள்ளே. சிறு சிறு கிணறுகளாகக் கட்டியிருக்கிறார்கள், ஒன்றுக்கொன்று சூடு வேறு. மிகச் சூடானது 50 பாகைக்கும் மேல் போகும், கை வைக்கக் கூடாது. குளிக்கத் தக்க கிணறும் பக்கத்திலேயே உண்டு. கிணற்றடியில் வான் காக்கா நெடுநேரம் நின்று ஆவியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தம்பி, எரிமல ஒண்டும் இல்லாம இந்தத் தண்ணி என்னெண்டு இப்பிடிச் சுடுது?"

"கீழ போகப் போகப் பூமியே சூடு காக்கா. மழத்தண்ணி வெடிப்பு வழியா ஆழத்துக்கு இறங்கிச் சூடாகி, வேற வெடிப்பு வழியா மேல வருது."

"அப்ப இது இண்டைக்குப் பெய்ஞ்ச மழ இல்ல."

இல்லைதான். ஒவ்வொரு கிலோமீற்றர் ஆழத்துக்கும் சுமார் 25 முதல் 30 பாகை சூடு கூடும் என்று வைத்துக்கொண்டால், இந்தத் தண்ணீர் எவ்வளவு தூரம் இறங்கி ஏறியிருக்கும் என்பதைப் பிள்ளைகளே அந்த இடத்தில் கணக்குப் போடலாம். எங்கள் பிள்ளைகள் அப்பியாசக் கொப்பியில் போட்டார்கள். இன்னொன்று: திருகோணமலைக் கன்னியா, மகாஓயா, அதற்கப்பால் கபுரெல்ல, தெற்கே மகாபெலஸ்ஸ என்று வெந்நீர் ஊற்றுகளை வரைபடத்தில் புள்ளி வைத்து இணைத்தால், விஜயன் தொகுதியும் மலைநாட்டை உள்ளடக்கிய உயர்நிலத் தொகுதியும் சந்திக்கிற எல்லையை ஏறத்தாழ ஒட்டிப் போகும். இரண்டு பெரும் பாறைக் கூட்டங்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறிய தையல் அது. அந்தத் தையலின் கிட்டே நின்று கால் நனைக்கலாம் என்பது நம் பக்கத்தாருக்கு ஒரு பகலில் வாய்க்கிற காரியம்.

பொழுது சாயுமுன் புல்லுமலை தாண்டிவிடுங்கள். யானை இறங்குகிற வீதி.

யாழ்ப்பாணமும் புத்தளமும்: உண்மையான போட்டி இங்கேதான்

உயிர்ச்சுவடு வேண்டும் என்று முடிவெடுத்த பிறகு எல்லோரும் தடுமாறுகிற இடம் இது. இரண்டும் தூரம். யாழ்ப்பாணம் மட்டக்களப்பிலிருந்து 300 கிலோமீற்றருக்கு மேல். புத்தளம் ஹபரணை, அனுராதபுரம் வழியாக 250ஐத் தாண்டும். இரண்டுக்கும் குறைந்தது ஓர் இரவு தங்க வேண்டும், இரண்டு இரவு என்றால் நிதானமாகப் பார்க்கலாம். தூரத்தை வைத்துப் பார்த்தால் புத்தளத்துக்குச் சற்று வெற்றி.

கிடைக்கிற பொருளை வைத்துப் பார்த்தாலும் தாளில் புத்தளம்தான் முந்தும். அங்கே இரண்டு காலம் பக்கத்தில் பக்கத்தில் கிடக்கிறது. தப்போவக் குளத்தடியில் யுராசிக் காலத்து மணற்கல்லும் களிக்கல்லும், சுமார் 20 முதல் 14.5 கோடி ஆண்டுகளுக்கு இடைப்பட்டவை. டைனோசர் நடமாடிய காலம். ஆனால் அங்கே எலும்பை எதிர்பார்த்துப் போகக் கூடாது, தப்போவ பேர்பெற்றது இலைகளுக்கு. பன்னத்தின் மடல்களும் சைக்கஸ் இனத்தை ஒத்த செடிகளின் இலைகளும் களிக்கல்லின் தாள்களுக்கிடையில் அச்சாகப் பதிந்திருக்கின்றன. எட்வர்ட் வேலண்ட் என்ற புவிச்சரிதவியலாளர் கடந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் இதை உலகத்துக்குத் தெரியப்படுத்தினார். 1922இல் சீவார்ட், ஹோல்ட்டம் என்ற இரண்டு தாவரவியலாளர்கள் அந்த இலைகளை விவரித்தார்கள். இந்தியாவின் கொண்டுவனாப் படிவுகளில் உள்ள இலைகளோடு அவை ஒத்துப்போகின்றன. நிலம் பிளந்து ஒரு துண்டு கீழே இறங்கியதால்தான் இந்தச் சிறு படுகை அரிப்பிலிருந்து தப்பியது, சுற்றிலும் இருந்தது எல்லாம் கழுவிப் போய்விட்டது.

புத்தளத்துக்கு வடக்கே அறுவாக்காட்டில் அதைவிட மிக இளைய, மயோசீன் என்ற காலத்துச் சுண்ணக்கல். சிப்பி, சுருள்சங்கு, கடல்முள்ளி, பவளம், சுறாப்பல் என்று நிறையச் சொல்லப்படுகிற இடம். சீமெந்துக்காகச் சுண்ணக்கல் அகழ்கிறார்கள்.

இவ்வளவும் இருந்தும் நான் முதலில் புத்தளத்தைச் சொல்ல மாட்டேன். காரணம் அனுமதி. தப்போவக் குளத்தைச் சுற்றியுள்ள பகுதி வனவிலங்குச் சரணாலயம். அங்கே கல்லை எடுப்பது மட்டுமல்ல, கண்டபடி உள்ளே திரிவதும் முறையல்ல. சுண்ணக்கல் அகழ்கிற இடங்களோ வேலைத்தளங்கள், வெடி வைக்கிற இடங்கள், முன்கூட்டிய கடிதம் இல்லாமல் யாரையும் உள்ளே விட மாட்டார்கள். நாங்கள் ஒருமுறை நாட்டின் மேற்குப் பக்கத்தில் ஒரு கல்லகழ்வு வாயிலுக்குக் கடிதம் இல்லாமல் போய் நின்றோம். காவலாளி மரியாதையாகத் திருப்பி அனுப்பினார். வேலைத்தளத்தில் இருக்கிறவன் என்ற முறையில் அவர் செய்தது சரி என்று எனக்குத் தெரியும். நானும் தொப்பி இல்லாதவரைத் தளத்துக்குள் விடுகிறவன் அல்ல. ஆனால் வானுக்குள் இருந்த பிள்ளைகளின் முகத்தை அன்று பார்க்க முடியவில்லை. ஒருநாள் முழுக்க ஓடிவந்து ஒரு வாயிலைப் பார்த்துவிட்டுத் திரும்பினோம். புத்தளம் பக்கமும் தமிழ் பேசுகிற ஊர்கள் நிறைய உள்ள இடம். மொழியோ மனிதர்களோ தடை அல்ல, வாயில்தான் தடை.

யாழ்ப்பாணத்தில் காலம் ஒன்றுதான், மயோசீன். சுமார் 2.3 கோடி ஆண்டுகளுக்கு முன் தொடங்கி 50 இலட்சம் ஆண்டுகளுக்கு முன்வரை நீடித்த காலத்தில், ஆழமில்லாத இளஞ்சூட்டுக் கடல் வடக்கையும் வடமேற்கையும் மூடியிருந்தது. அந்தக் கடலின் அடியில் படிந்த சுண்ணாம்பே குடாநாட்டின் அடிக்கல். புத்தளத்துச் சுண்ணக்கல்லும் அதே கடலின் படிவுதான். ஆகவே மயோசீன் சிப்பிக்காக மட்டும் போகிறவர் இரண்டில் எங்கே போனாலும் ஒன்றே. வேறுபாடு என்னவென்றால் யாழ்ப்பாணத்தில் அந்தக் கல்லைப் பார்க்கச் சுரங்கம் தேவையில்லை. கிணற்று உட்சுவரில் இருக்கிறது, பழைய மதிலில் இருக்கிறது, கீரிமலைக் கடலோரத்தில் அலை அடித்து அடித்து நீட்டி வைத்திருக்கிறது. காங்கேசன்துறையில் 1950இல் தொடங்கிய சீமெந்துத் தொழிற்சாலையும் இந்தக் கல்லை நம்பியே நின்றது.

எங்களுக்கு முதல் சுருள்சங்கு கிடைத்தது கீரிமலைப் பக்கத்து ஒரு வீட்டு வளவில். வேலியோரத்தில் கற்குவியல் ஒன்று கிடந்தது. படலையில் நின்று கேட்டோம். வீட்டு அம்மா வெளியே வந்து எங்களையும் பிள்ளைகளையும் மாறி மாறிப் பார்த்தார்.

"உந்தக் கல்லே தம்பி? அது கிணறு ஆழமாக்கேக்கை வந்தது. பாருங்கோ, வேணுமெண்டா எடுத்துக்கொண்டும் போங்கோ. எங்கையிருந்து வாறியள்?"

மட்டக்களப்பு என்றதும் கதிரை போட்டுத் தேத்தண்ணீர் வைத்தார். நாங்கள் குவியலைக் கிளறினோம். வெள்ளையும் மஞ்சளும் கலந்த கல். கருங்கல்லைத் தூக்கிப் பழகிய கைக்கு அது இலேசாக இருந்தது. ஒரு துண்டின் உடைந்த முகத்தில் திருகாணிபோல ஒரு பள்ளம். கைவில்லையில் பார்த்தால் ஆறு சுற்று, ஒவ்வொரு சுற்றிலும் மெல்லிய வரி. சங்கின் ஓடு அங்கே இல்லை. பல சங்குகளின் ஓடு அரகனைற் என்ற வடிவச் சுண்ணாம்பாலானது, நிலத்தடி நீர் அதை எளிதில் கரைத்துவிடும். சுற்றிவர இறுகிய சேறு அப்படியே நிற்கும். ஓடு கரைந்த இடைவெளி சங்கின் வெளித்தோற்றத்தைக் காட்டும், உள்ளே நிறைந்து இறுகிய சேறு அதன் உள்வடிவத்தைக் காட்டும். பிள்ளைகள் வீட்டுக்கு வந்து பிளேடோ என்ற விளையாட்டுக் களியைப் பள்ளத்துக்குள் அழுத்தி எடுத்தார்கள். திருப்பியதும் முழுச் சங்கு எழும்பி வந்தது.

கண்ணைப் பழக்கினால் சின்னதும் தெரியும். அந்தக் கடலின் படிவுகளில் மலபாரிகா என்ற பேர்கொண்ட ஒரு நுண்ணுயிரின் ஓடு புகழ்பெற்றது. நுண்ணுயிர் என்றாலும் சில மில்லிமீற்றர் அகலம் வரும், தட்டையான வட்டம், கண்ணுக்கே தெரியும். கேரளத்தில் கொல்லம் பக்கத்துச் சுண்ணக்கல்லிலும் அதே உயிர் உண்டு. இரண்டு கரையும் ஒரே காலத்துக் கடலில் நனைந்ததற்குச் சாட்சி. அதைத் தேடி அரை மணித்தியாலம் குந்தியிருந்த அன்று வெயில் தெரியவில்லை.

வினாகிரியைச் சொட்டுக் குப்பியில் கொண்டுபோங்கள். சுண்ணக்கல்லை ஆணியால் சுரண்டித் தூளாக்கி அதன்மேல் இரண்டு சொட்டு விட்டால் நுரை பொங்கும். அதையே மகாஓயாவில் எடுத்த கருங்கல் தூளில் விடுங்கள், அசையாது. இரண்டு பாறையும் ஒரே மேசையில் இருக்கும்போது செய்தால் பிள்ளைக்கு வேறு பாடம் வேண்டாம். முதலில் மகாஓயா, பிறகு யாழ்ப்பாணம் என்று நான் வரிசை வைப்பதன் காரணமும் இதுதான். கருங்கல்லைக் கையில் உருட்டிப் பார்க்காதவருக்குச் சுண்ணக்கல் வெறும் வெள்ளைக் கல்.

நிலாவரைக் கிணற்றையும் விட வேண்டாம். மழைநீர் சுண்ணக்கல்லைக் கரைத்துக் குடைந்த பள்ளம் அது. மேலே நன்னீர், ஆழத்தில் உப்புநீர். வீட்டுக் கேத்தலின் அடியில் வெள்ளையாகப் படிவதும் தண்ணீரில் கரைந்துவந்த இந்தக் கல்தான் என்று அந்த அம்மா சொல்லாமலே கேத்தலைத் திறந்து காட்டினார்.

ஒரு எச்சரிக்கை: போகிற வழியில் முகமாலைப் பக்கம் வீதியை விட்டு இறங்காதீர்கள். நீண்ட காலம் கண்ணிவெடி அகற்றும் வேலை நடந்த நிலம். வடக்கில் எங்கே சிவப்புப் பலகை கண்டாலும் அந்தக் கல் உங்களுக்கு வேண்டாம்.

பாணமை, ஒக்கந்தை: அலைகிற கால் இல்லாதவர்களுக்கு

அம்பாறைக் கரையோரத்தார் பலர், நமக்குப் பக்கத்திலேயே ஒன்றும் இல்லையா என்று கேட்பார்கள். இருக்கிறது. பொத்துவிலைத் தாண்டிப் பாணமை, ஒக்கந்தை வரை கடலோரத்தில் திரண்டு நிற்கிற பாறைகள் எங்கள் அதே பழம்பாறை. அறுகம்குடாப் பக்கத்து யானைப் பாறையும் அப்படியே. ஒக்கந்தை முருகனைக் கும்பிடப் போகிறவர்கள் வள்ளியம்மன் மலையில் உள்ள சுனைகளைக் கண்டிருப்பார்கள். மழைநீர் ஒரு சிறு குழியில் தேங்கும். தேங்கிய நீர் பெல்ஸ்பாரை மெல்ல மெல்லக் களியாக்கும். குவாட்ஸ் மணலாக உதிரும். அடுத்த மாரிக்குக் குழி இன்னும் கொஞ்சம் பெரிதாகும். சுனையின் அடியில் கை விட்டால் அந்த மணலும் களியும் விரலில் படும். பாறை எப்படி மணலாகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான இடத்தை நான் பார்த்ததில்லை. கோயில் மலை என்பதால் ஆணியும் சுத்தியலும் அங்கே வேண்டாம், கண் போதும்.

அப்படி உதிர்ந்தது போய்ச் சேருமிடம் கடற்கரை. மாரிக் கடல் கரையை அறுத்துவிட்டுப் போன பிறகு கல்லடியிலோ திருக்கோவிலிலோ வெள்ளை மணலில் கறுத்த கோடுகள் ஓடுவதைக் காணலாம். பழைய ரேடியோ ஸ்பீக்கரில் கழற்றிய காந்தத்தைப் பொலித்தீன் பைக்குள் போட்டு அந்தக் கறுப்பில் உருட்டுங்கள். மீசைபோல ஒட்டிக்கொண்டு எழும்புவது மக்னரைற். கறுப்பாக இருந்தும் ஒட்டாமல் அல்லது அரைகுறையாக ஒட்டி விழுவதில் பெரும்பாலும் இல்மனைற் இருக்கும். சிவந்த பொடி காணெற். சாதாரண குவாட்ஸ் மணல் தண்ணீரைவிட 2.65 மடங்கு பாரம், இல்மனைற் 4.7 மடங்கு. அலை இலேசானதை இழுத்துக்கொண்டு போய்ப் பாரமானதை விட்டுச் செல்கிறது, வீட்டில் சுளகால் புடைப்பதுபோலத்தான். புல்மோட்டையில் இது தொழிலாகிற அளவுக்குச் சேர்ந்திருக்கிறது. கரையோர மக்களுக்குக் கருமணல் என்ற சொல்லே இப்போது கவலை தரும் சொல் என்பதை அறிவேன். நான் சொல்வது ஒரு பிடி மணலைப் பார்த்துவிட்டு அதே இடத்தில் கொட்டுவதைப் பற்றி.

வயதான பெற்றோர், சின்னப் பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு இந்தப் பயணமே போதும். செலவு குறைவு, ஒக்கந்தையில் ஒரு கும்பிடும் ஆகும்.

எழுவான்கரைக் கிணற்றில் வருகிற சிப்பிகளை உயிர்ச்சுவடு என்று கொண்டுவந்து காட்டுகிறவர்களும் உண்டு. அவை மிக இளையவை, ஆனால் அலட்சியப்படுத்த வேண்டாம். தென்கரையில் நிலத்துக்கடியில் கிடக்கும் பவளங்களின் வயதை வைத்து, சுமார் 6000 ஆண்டுகளுக்கு முன் கடல் இன்றையதைவிடச் சற்று உயர்ந்து நின்றதை ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள். கிணறு வெட்டும்போது எத்தனை அடியில் எந்தச் சிப்பி வந்தது என்று எழுதி வைப்பவர் ஆரையம்பதியில் இருந்தபடியே பயனுள்ள வேலை செய்கிறவர்.

நான் பட்டியலில் இருந்து எடுத்தவை

இரத்தினபுரி: மாணிக்கக் குழிகளின் இல்லம் என்ற கூழாங்கல் படையில் நீர்யானை, காண்டாமிருகம், சிங்கம் ஆகியவற்றின் எச்சங்கள் கிடைத்தன. இலங்கைச் சிங்கத்தை 1939இல் விவரித்தவர் தொல்லுயிரியலாளர் தெரணியகல. கேட்க ஆசையாக இருக்கும். ஆனால் மாணிக்கக் குழி நாம் இறங்குகிற இடம் அல்ல. இரத்தினபுரி அரும்பொருட்சாலையில் பார்க்கலாம், அது அரும்பொருட்சாலைப் பயணம்.

மினிஹாகல்கந்த: தென்கரையில் மயோசீன் படிவு வெளித்தெரிகிற செம்மையான குன்று. யால தேசிய பூங்காவுக்குள் இருக்கிறது. நம்மைப் போன்றவர்கள் படத்தில் பார்த்துத் திருப்திப்பட வேண்டும்.

சுத்தியலுக்கு முன் அனுமதி

1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருள் கட்டளைச் சட்டம் இருக்கிறது. 1992ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுரங்கங்கள், கனியங்கள் சட்டம் இருக்கிறது. அதை நடைமுறைப்படுத்துவது புவிச்சரிதவியல் அளவை, சுரங்கப் பணியகம். தேசிய பூங்காவுக்கும் சரணாலயத்துக்கும் வனவிலங்குச் சட்டம் உண்டு. பவளப்பாறையைக் கரையிலோ கடலிலோ உடைப்பது எங்கேயும் கூடாது, காயங்கேணி கடல்சார் சரணாலயத்தில் சொல்லவே வேண்டாம். தாந்தாமலை, குசலானமலை, இராசகல போன்ற பாறைகளில் பழைய எழுத்தும் வெட்டிய படியும், மழைநீர் குகைக்குள் வழியாதபடி செதுக்கிய நீர்வடி விளிம்பும் உள்ளன. அங்கே கல்லில் ஒரு தட்டுக்கூடத் தட்டக் கூடாது. நமக்குச் சாதாரண வெடிப்பாகத் தெரிவது ஆயிரம் ஆண்டுக்கு மேற்பட்ட உளிக்கோடாக இருக்கலாம்.

எங்கள் வானில் சுத்தியல் ஒன்றுதான், அது என் பொறுப்பில். வீட்டுக்காரர் தந்த கல், வீதி வெட்டில் ஏற்கெனவே விழுந்து கிடக்கிற துண்டு, இவைதான் வீட்டுக்கு வரும், அதுவும் கையளவு. எடுத்த உடனேயே மாஸ்கிங் டேப் ஒட்டி ஊரும் திகதியும் எந்தப் பக்கம் மேலிருந்தது என்பதும் எழுதிவிட வேண்டும். முதல் யாழ்ப்பாணப் பயணத்தில் நாங்கள் எழுதாமல் பையில் போட்டுக் கொண்டுவந்த ஏழு துண்டுகளில் எது கீரிமலை, எது நிலாவரைப் பக்கம் என்று இன்றுவரை தெரியாது. அதில் ஒன்றில் நல்ல பவளம் ஒன்று இருக்கிறது. பார்க்கும்போதெல்லாம் மனம் வருந்தும்.

எந்த மாதம், எந்த வீட்டுக்கு எது

ஐப்பசி தொடங்கித் தை வரை நம் பக்கம் மழை. அந்த மாதங்களில் படுவான்கரைப் பாறை வழுக்கும், மகாஓயா வீதியும் நம்பிக்கையில்லை. மாசி, பங்குனி மகாஓயாவுக்குச் சிறந்தவை. கச்சான் காற்று வீசுகிற ஆனி, ஆடியில் பகல் பத்து மணிக்குப் பிறகு வெறும் பாறையில் நிற்க முடியாது, ஆகவே அந்த நாட்களில் ஒக்கந்தைக்கு விடியற்காலையில் போக வேண்டும். ஆடிவேல் யாத்திரைக் காலம் என்பதால் கூட்டமும் இருக்கும். யாழ்ப்பாணம் எங்களுக்குப் பாடசாலை விடுமுறையைப் பொறுத்தது. ஆவணி நல்லது, நல்லூர்த் திருவிழாவோடு சேர்ந்தால் தங்க இடம் முன்கூட்டியே பிடிக்க வேண்டும்.

ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமைதான் கையில் இருக்கிறது என்றால் மகாஓயா, வேறு யோசனை வேண்டாம். மூன்று நாள் விடுமுறையும், வான் வாடகையைப் பங்கு போட எட்டுப் பேரும் இருந்தால் யாழ்ப்பாணம். பிள்ளை உயர்தரத்தில் இந்தப் பாடத்தை உண்மையாகவே காதலிக்கிறது, பல்கலைக்கழகத்தில் இதையே படிக்கப் போகிறது என்றால், பாடசாலை ஊடாகவோ பல்கலைக்கழகப் புவியியல் துறை ஊடாகவோ கடிதம் எழுதி அனுமதி வாங்கிக்கொண்டு புத்தளம் போங்கள். யுராசிக் காலத்து இலை அச்சை அந்த இடத்திலேயே காண்பது வேறெங்கும் வாய்க்காது.

நாங்களும் அதற்குத்தான் ஆயத்தம். இந்த முறை கடிதத்தை மருமகளே எழுதினாள், பாடசாலை அதிபரின் கையொப்பத்தோடு மூன்று மாதத்துக்கு முன்னமே அனுப்பியாகிவிட்டது. பதில் வந்தால் ஆவணியில் தப்போவ. காக்காவின் வானில் இன்னும் மூன்று இருக்கை இருக்கிறது.